கேப்டன் டோர்வாலுக்குக் கயிறு பிடித்தவன்

திரேஸ்புரம், தூத்துக்குடி
12-1-2025

அன்புள்ள மச்சினன் ரோசுக்கு,

உன் அத்தான் இஞ்ஞாசி எழுதுகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை, என் கையால் எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய். அதனால்தான் தப்பாக எழுதி அடித்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன். வேறு ஒருவர் எழுதினால் இவ்வளவு அடித்தல் இருக்காது.

எழுபத்து நாலு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர் பெயர் ஈவாஞ்சலின். நாசரேத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாதம் பென்சிலைத் துடுப்புப் பிடிப்பது போலப் பிடித்தேன் என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பஸ் போர்டு, சோப்பு உறை, மருந்துச் சீட்டில் தமிழ் இருந்தால் அதுவும். உப்புப் பாக்கெட்டில் நம் ஊர்ப் பெயர் போட்டிருக்கிறது ரோச். இத்தனை வருடம் அதைக் கிழித்துக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

உன் அக்கா ஞானசௌந்தரிக்கு மட்டும் வருத்தம். "இனிமே பில்லை நான் வாசிச்சுச் சொல்ல முடியாதே, நீங்களே பாத்துருவீங்களே" என்கிறாள்.

இரண்டு காரியம் எழுத வேண்டும். முதல் காரியம், வருகிற மே பன்னிரண்டாம் தேதி எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐம்பது வருடம். பங்குச் சாமியார் பூசை வைத்து மறுபடி மோதிரம் போடச் சொல்கிறார். உன் அக்கா, "என் தம்பி வந்து நிக்காம நான் கோயில் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். போனில் அவள் கூப்பிட்டால் நீ பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறாயாம். நானும் நீயும் பேசி முப்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அதனால் நான் கேட்கிறேன். நீ வர வேண்டும்.

இரண்டாவது காரியம், பரணில் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீ 1988-ல் சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த கம்ப்யூட்டர் அதில் இருக்கிறது. உன் அக்கா பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறாள். ரப்பர் பட்டன்கள் இன்னும் அழிரப்பர் போல மெத்தென்று இருக்கின்றன. நாம் விளையாடின அந்த விளையாட்டுக் கேசட்டும் இருக்கிறது. அதன் அட்டையில் கேப்டன் டோர்வால் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். ஞாயிறு சாயங்காலம் சிலோன் டிவியில் வருவாரே, கடலுக்குள் மூழ்கிப் போய் ஆக்டோபஸைக் கொன்றுவிட்டுப் படகில் ஏறி டீ குடித்துச் சிரிப்பாரே, அவர்தான். உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது.

டிவியில் ஒரு வாரமும் சாகாதவர், நம் வீட்டில் ஒரே நாளில் நாற்பது தரம் செத்தார்.

இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று. பதில் போடு.

இஞ்ஞாசி

* * *

கொல்லம்
25-1-2025

அத்தான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியதுதான் என்று அக்காவிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சந்தோஷம்.

என் மகள் டயானா வீட்டில் நலமாக இருக்கிறேன். படகுச் சாமான் கடையில் கணக்குப் பார்த்த வேலையைப் போன வருடம் விட்டுவிட்டேன். முழங்கால் வலி உண்டு. வேறு குறை இல்லை.

மே மாதம் நான் வருவதற்கில்லை. ஏன் என்று அக்காவிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல டீ குடிக்கும் கேப்டனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

உங்களுக்குக் கல்யாணம் ஆன வருடம் எனக்குப் பதினேழு வயது. அந்த வருடமே உங்கள் கயிறு என் கைக்கு வந்தது. சங்கு குளிக்க இறங்குகிறவனுக்குக் கூடப்பிறந்தவன் கயிறு பிடிக்கக் கூடாது, பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கரையில் வழக்கம். அண்ணன் தம்பிக்குச் சொத்து ஆசை வரலாம். தன் அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் விட மாட்டான். பதினோரு வருடம் பிடித்தேன். எட்டுப் பாகம் ஆழத்திலிருந்து நீங்கள் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் என் உள்ளங்கைக்குத் தெரியும். ஒரு நாளாவது மூச்சு முட்டி மேலே வந்திருக்கிறீர்களா?

1993-ல் ஐப்பசி மழை. கடலுக்கு யாரும் போகவில்லை. உங்கள் வீட்டில் டிவி முன்னால் பதினைந்து பேர், ஜன்னலில் பதினைந்து பேர். ஜாய்ஸ்டிக் பிடித்து டோர்வாலை ஓட்டியது நீங்கள். ஜாய்ஸ்டிக்கின் பட்டன் உடைந்திருந்ததால் கீபோர்டில் கயிறு இழுக்கும் பட்டனை அமுக்கியது நான். படகுக்கு மூன்று விரல் கீழே வந்து அவன் செத்தான். நீங்கள் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: "ஏலே, ஒனக்குக் கயிறு பிடிக்கத் தெரியாதுல. கடல்ல நான் பொழச்சுக் கெடந்தது மாதா புண்ணியம்."

நானும் பதிலுக்கு, "போம்வே, தற்குறி" என்றேன். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எழுத்துத் தெரியாதவனை எழுத்துத் தெரியாதவன் என்று சொல்வதும், கயிறு பிடிக்கத் தெரிந்தவனைத் தெரியாதவன் என்று சொல்வதும் ஒன்றா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோச்

* * *

திரேஸ்புரம்
10-2-2025

அன்புள்ள ரோசுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் வாசித்தேன். கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து வரிசையாக இருக்கிறது. முதல் நாள் கையெழுத்தைப் பார்த்தேன். இரண்டாம் நாள்தான் என்ன எழுதியிருக்கிறாய் என்று வாசித்தேன். அப்புறம் வெற்றிலை போடக்கூடத் தோன்றவில்லை.

ஆனால் ரோச், எழுத்து தெரிந்த பிறகு பொய் எழுதக் கூடாது. கடலில் நீ தப்பாகப் பிடித்தாய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வாயில் வந்தது. ஆனால் டிவியில் நீ பட்டனைத் தாமதமாக அமுக்கினாய். அதை இன்றைக்கும் சொல்வேன்.

அதை நிரூபிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரைச் செந்தூர்பாண்டியிடம் கொண்டுபோனேன். நம் மாடியில் முப்பது அடிப் பைப்பில் சிலோன் டிவிக்கு ஆன்டெனா ஏற்றினானே, அவன்தான். ரேடியோக் கடையை மூடிவிட்டான், ஆனால் கை இன்னும் ஓயவில்லை. கரண்ட் பெட்டியை மாற்றினான். பூஞ்சை பிடித்த கேசட்டை நாடா முழுக்கத் துடைத்துச் சுற்றினான். பழைய குண்டு டிவி ஒன்றை அவன் மருமகள் வீட்டிலிருந்து வாங்கி வந்தோம். கேசட்டிலிருந்து விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏற டேப் ரெக்கார்டரை ஓட விட்டதும் அந்தச் சத்தம் வந்தது. உன் அக்கா அடுப்படியிலிருந்து, "ஆட்டுக்கு வயித்து வலி வந்திட்டு" என்றாள். அன்றைக்கும் இதையேதான் சொல்வாள். ஐந்து நிமிடம் கத்திவிட்டு நின்றுபோயிற்று. ஆறு தரம் இப்படியே நின்றது. ஏழாம் தரம் டிவி ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடி, கேப்டன் வந்தார்.

அட்டையில் மஞ்சள் சட்டை. டிவியில் கத்தரிக்காய் நிறம். தலை எது, கால் எது என்று தெரியவில்லை. நாம் எப்படி இதைக் கேப்டன் டோர்வால் என்று நம்பினோம்? ஆனால் அந்தப் பாட்டுக் கீச்கீச்சென்று வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

விளையாட்டில் முதல் கடல் ஆழம் குறைவு. ஐந்து சிப்பியையும் எடுத்துவிட்டேன். இரண்டாவது கடலில்தான் வழக்கம் போல. வலக்கையில் ஜாய்ஸ்டிக், இடக்கையால் கயிறுப் பட்டன். தரை தொட்டுச் சிப்பி எடுத்தேன். சொறிமீனுக்கு விலகினேன். நடுவழியில் மிதக்கிற அந்த இரண்டு சிவப்பு மிதவைகளையும் தொடாமல் சுற்றி வந்தேன். பிறத்தியார் வலை மிதவையில் கை வைக்கிற பழக்கம் நமக்கு இல்லையே. பட்டனை விடாமல் அமுக்கி, முடிந்த மட்டும் வேகமாக இழுத்தேன்.

படகுக்கு மூன்று விரல் கீழே வந்து செத்தார். பத்தொன்பது தரம்.

நீ அமுக்கியதைவிட நான் சீக்கிரமாக அமுக்கினேன். அப்படியும் செத்தார். இது ஏன் என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுகிறேன்.

இஞ்ஞாசி

* * *

கொல்லம்
20-2-2025

அத்தான் அவர்களுக்கு,

பத்தொன்பது தரம் செத்ததை வாசித்தேன். என் மனதுக்கு இதமாக இருந்தது.

இரண்டாவது கடலில் வலது பக்கப் பாறையிடுக்கில் இருக்கும் சிப்பியைக் கடைசியில் எடுக்காதீர்கள். முதலில் எடுங்கள். சொறிமீன் இடது ஓரத்தைத் தொட்டுத் திரும்பியதும் மூன்று எண்ணிவிட்டு இறங்க வேண்டும். உங்களுக்கு எப்போதும் இரண்டிலேயே இறங்குகிற அவசரம். பாசியில் கால் பட்டால் காற்று பாதியாகும் என்பதும் மறந்திருக்கும்.

ஒரு தொடரில் வீரனாக வருகிறவனைப் பாசியில் சாகடிக்க எவனுக்கு மனம் வந்ததோ தெரியவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவன் ஒரு நாளும் கடலைப் பார்த்திருக்க மாட்டான்.

இது சமாதானக் கடிதம் இல்லை. விளையாட்டுக் குறிப்பு மட்டும்.

ரோச்

* * *

திரேஸ்புரம்
9-3-2025

அன்புள்ள ரோசுக்கு,

நீ சொன்னபடி மூன்று எண்ணி இறங்கினேன். சொறிமீன் தொடவே இல்லை. பாறையிடுக்குச் சிப்பியையும் முதலில் எடுத்தேன். மேலே வரும்போது செத்தார். ஆனால் நிம்மதியாகச் செத்தார்.

இப்போது நான் எழுதப் போவதை நிதானமாக வாசி.

கேசட் பெட்டிக்குள் அட்டைப் படத்தின் பின்னால் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. இத்தனை நாள் அட்டையோடு ஒட்டிக்கிடந்திருக்கிறது. பிரித்தால் பொடி எழுத்து, இங்கிலீஷ். நான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். வகுப்பில் இருந்த நாங்கள் பதினோரு கிழவன் கிழவிகளும் பைபிள் கேட்பது போலக் கேட்டோம்.

டோர்வால் நம்மைப் போல மூச்சை அடக்கி இறங்குகிறவர் இல்லையாம். குழாயில் காற்று இழுத்துக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் கிடக்கிறவராம். அப்படிப்பட்டவரை ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்தால் இரத்தத்தில் காற்று நுரைத்துச் செத்துப்போவாராம். கம்ப்ரசர் போட்டு இறங்கிய பையன்கள் இரண்டு பேர் இப்படிக் கால் விளங்காமல் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன், ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. நின்று நின்று வருவதற்காகத்தான் நடுவில் இரண்டு சிவப்பு மிதவைகள். ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மணி அடிக்கும். அடித்த பிறகுதான் மறுபடி இழுக்க வேண்டும்.

நாம் ஐந்து வருடம் அந்த மிதவைகளை யாருடைய வலையோ என்று விலகிப் போனோம் ரோச்.

டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கம்ப்யூட்டர் விளையாட்டில்கூட அடுத்தவர் மிதவையைத் தொடாத ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

இன்னொன்றும் உண்டு. கேப்டன் செத்ததும் டிவியில் இரண்டு வரி வருமே, அதை நான் பார்த்துப் படம் வரைவது போலத் தாளில் எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டினேன். "மேலே வந்த வேகம் அதிகம். கேப்டன் இறந்தார்" என்று போட்டிருக்கிறதாம். அன்றைக்கெல்லாம் நீ எங்களுக்கு வாசித்துச் சொன்னது வேறு. "காற்று தீர்ந்துவிட்டது. இன்னும் வேகமாக இழுக்கவும்" என்று சொல்வாய். பழைய டிவியில் எழுத்து கலங்கலாகத் தெரிந்திருக்கும். அப்படித்தான் இருக்கும்.

எப்படியானாலும் நீ தாமதமாக அமுக்கவில்லை. நான் சொன்னது தப்பு. உனக்குக் கயிறு பிடிக்கத் தெரியும். என் கையால் எழுதித் தருகிறேன். மே மாதம் வா.

இஞ்ஞாசி

* * *

கொல்லம்
24-3-2025

அத்தான்,

இது ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம். சாமியாரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன்.

எழுத்து கலங்கலாகத் தெரியவில்லை. நன்றாகத்தான் தெரிந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கப்பலில் அடுப்படிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த நாலைந்து வார்த்தைகளை உருவத்தைப் பார்த்து அடையாளம் வைத்திருந்தேன். வெளியே போகும் வழி, புகைக்கக் கூடாது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் வாங்கியது ஏழு மார்க்.

சிங்கப்பூரிலிருந்து பெட்டியோடு இறங்கினேன். தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. டிவியில் இங்கிலீஷ் வரி வந்ததும் முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். "மாப்ள, என்ன போட்டிருக்கு?" என்றீர்கள். பதினோரு வருடம் கடலில் எனக்கு உத்தரவு போட்ட ஆள் என்னிடம் கேட்கிறார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்தால் காற்று தீர்ந்து செத்தது போலத்தான் இருந்தது. அதையே வாசித்தது போலச் சொன்னேன். அப்புறம் ஐந்து வருடம் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டுதான் உங்களைத் தற்குறி என்றேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் மே மாதம் நான் வர மாட்டேன். கோபம் இல்லை, கோபம் உங்கள் கடிதத்தோடு போய்விட்டது. நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னபோது முப்பது பேர் கேட்டார்கள். திரும்ப எடுத்துக்கொண்டது நான் ஒருவன் வாசித்தேன். அம்மாவை அடக்கம் செய்ய வந்தேனே, கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்க நான் கயிற்றில் கை வைத்ததும் பின்னால் ஒருவன், "ஏ, ரோச் கையில குடுக்காதிங்கடே, விட்டுருவான்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். பெற்ற தாயின் குழி ஓரத்தில் கயிற்றை விட்டுவிட்டு விலகி நின்றேன். அன்றைக்கே கொல்லம் வண்டி ஏறினேன். அக்காவிடம் கடையில் வேலை என்று சொன்னேன்.

அந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரோடு அக்கா பக்கத்தில் வந்து நிற்க முடியாது. அவளிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள்.

ரோச்

* * *

திரேஸ்புரம்
22-4-2025

அன்புள்ள ரோசுக்கு,

குழி ஓரத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. நான் அப்போது தலைமாட்டுப் பக்கம் நின்றேன். உன் கடிதத்தை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போகவில்லை. மூன்று நாள் போகவில்லை. வாசிக்கத் தெரிந்தால் இதுவும் வரும் என்று டீச்சர் முதலில் சொல்லவில்லை.

உன் அக்காவிடம் முழங்கால் வலி என்று சொல்லவில்லை. கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு மீன் குழம்பில் மீன் அவள் தட்டில் மட்டும் இருந்தது.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை காலையில் சங்கத்துக்குப் போனேன். வாசலில் கரும்பலகை இருக்கிறதல்லவா, காற்று அறிவிப்பு, யார் வீட்டில் சாவு, நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று எழுதுவார்களே, அதுதான். திரேஸ்புரத்தில் பேப்பர் வாசிக்காதவனும் அதை வாசித்துவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறுவான். செயலாளர் ஜேசுபாதம் அன்றைய அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தான். "தென்கிழக்குக் காற்று பலம். சிறு வள்ளங்கள் போக வேண்டாம்." எழுதி முடித்ததும் சாக்பீஸைக் கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"எழுத."

"நீங்களா?"

"நான்தாம்ல. குடு."

காற்று அறிவிப்புக்குக் கீழே எழுதினேன். தாளில் எழுதினால் கை தாளில் ஊன்றும், பலகையில் ஊன்ற இடம் இல்லை. எழுத்து மேலே ஏறிக்கொண்டே போயிற்று. அரை மணி நேரம் ஆனது. பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. நான் எழுத எழுத ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டு வாசிக்கிறார்கள். உனக்கு அப்படியே எழுதுகிறேன்:

"ரோச் கயிறு பிடிக்கத் தெரிந்தவன். 1975 முதல் 1986 வரை என் உயிர் அவன் கையில் இருந்தது. 1993-ல் நான் சொன்னது பொய். தவறு என்னுடையது. இஞ்ஞாசி, சங்குகுளி."

ஜேசுபாதம், "அண்ணாச்சி, இது காத்து போர்டு. உங்க மச்சினன் போர்டு இல்ல" என்றான். ஒருவன், "முப்பது வருசத்துக்கு முந்தி செத்த கேப்டனுக்கு இப்பத்தான் கருமாதியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் நான் திரும்பி நின்று, போர்டில் இருந்ததை முழுவதும் சத்தமாக வாசித்தேன். நான் எழுதியதை நானே ஊருக்கு வாசிக்கிறேன். அன்றைக்குக் கேட்டவர்களில் ஜன்னலில் நின்ற நாலு பேர்தான் இப்போது ஊரில் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களை முன்னால் வரச்சொல்லி மறுபடி வாசித்தேன். மற்ற இரண்டு பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன்.

ஜேசுபாதம் சாயங்காலம் அழிக்க வந்தான். யாரோ, "காத்தை மட்டும் அழி, அதைக் கெடக்க விடு" என்றார்களாம். இன்றைக்கும் இருக்கிறது. காற்று மாறிவிட்டது, அது அங்கேயே இருக்கிறது.

பூசை காலை ஏழு மணிக்கு.

இஞ்ஞாசி

* * *

கொல்லம்
2-5-2025

அத்தான்,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே எனக்குப் போன் வந்துவிட்டது. ஒன்றல்ல, ஐந்து. கடைசியாகப் பேசியவன் கல்லறைத் தோட்டத்தில் பேசியவன். "ஏ ரோச், அன்னைக்கு நான் விளையாட்டுக்குச் சொன்னேன்டே, வயசாயிப்போச்சு, மனசுல வச்சுக்காத" என்றான். வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அது பொய்தான், ஆனால் சொன்னதும் கொஞ்சம் உண்மையாகிவிட்டது.

அக்கா போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். டயானா பெரிதாக்கிக் காட்டினாள். உங்கள் எழுத்து மலையேறுவது போல ஏறுகிறது. 'சங்குகுளி' என்ற வார்த்தை போர்டின் மரச்சட்டத்தில் முட்டி நிற்கிறது. டயானா, "அப்பா, இதுக்கா கடை வேலைன்னு சொல்லி ஊருக்கே போகாம இருந்தீங்க?" என்று கேட்டாள். மகளிடம் அதை விளக்க முடியவில்லை. நம் கரையில் பிறந்திருந்தால் விளக்க வேண்டியிருக்காது.

பத்தாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். நாலு நாள் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், முழங்கால் வலி உண்மைதான் என்றாலும் நடந்துவிடுவேன். அந்த டேப் ரெக்கார்டரில் நாடா உரசும் தலையைக் கொஞ்சம் ஸ்பிரிட் வைத்துத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். செந்தூர்பாண்டி எப்போதும் நாடாவைத் துடைப்பான், தலையை விட்டுவிடுவான்.

ரோச்

* * *

திரேஸ்புரம்
25-5-2025

அன்புள்ள ரோசுக்கு,

நீ போய்ப் பதினொரு நாள் ஆகிறது. நீ நேரில் பார்த்ததையே எழுதப் போகிறேன். எழுதினால் மறுபடி ஒரு தரம் நடக்கிறது.

பூசையில் நீ அக்கா பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றாய். மோதிரம் என் விரல் மூட்டில் ஏறாமல் நின்றபோது சோப்பு வாங்கிவர ஓடியது நீதான். சாப்பாடு முடிந்து டீச்சர் நாசரேத் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். அப்புறம் ஜன்னல்காரர்கள் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். இந்த முறை அவர்களுக்கு நாற்காலி போட்டோம். கேசட் மூன்று தரம் கத்தி நின்று நாலாம் தரம் பிடித்தது.

நான் ஜாய்ஸ்டிக்கில். நீ பட்டனில். முதல் சிவப்பு மிதவையைத் தொட என் கை கூசியது, அதை நீ பார்த்தாய். "தொடும்வே, அது யார் வலையும் இல்ல" என்றாய். தொட்டேன். நீ பட்டனிலிருந்து விரலை எடுத்தாய். காற்றுக் கோடு குறைந்துகொண்டே போகிறது. பின்னால் எல்லோரும், "இழு, இழு, செத்துருவான்" என்று கத்துகிறார்கள். எனக்கே கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மணி அடிக்கட்டும்ல" என்று மட்டும் சொன்னாய். மணி அடித்தது. இழுத்தாய். இரண்டாவது மிதவையிலும் அப்படியே. கோட்டில் ஒரு நூல் அளவு காற்று மிச்சம் இருக்கும்போது கேப்டன் டோர்வால் படகில் ஏறினார்.

கையை இரண்டு தரம் ஆட்டினார். இங்கிலீஷில் இரண்டு வரி வந்தது. எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ, "எனக்குத் தெரியாது" என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். டீச்சரும் போய்விட்டார். என்ன போட்டிருந்தது என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்து மூன்றாவது கடல் வந்தது. பார்த்தால் அது முதல் கடல். அதே பாறை, அதே சொறிமீன். நீலத்துக்குப் பதில் பச்சை, அவ்வளவுதான். "இதைப் பாக்கவாவே முப்பத்திரண்டு வருசம்?" என்று நீ கேட்டதும் செந்தூர்பாண்டி சிரித்த சிரிப்பில் அவன் பல் செட் கழன்றது. அதையும் எழுதிவிட்டேன், அவன் வாசிக்க மாட்டான்.

இப்போது நீ போன பிறகு நடந்தது.

போன வியாழக்கிழமை வகுப்பு சீக்கிரம் முடிந்தது. வீட்டு வாசலுக்கு வரும்போதே ஆட்டு வயிற்றுவலிச் சத்தம் கேட்டது. உள்ளே உன் அக்கா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஜாய்ஸ்டிக். என்னைப் பார்த்ததும் சேலையை இழுத்து அதை மூடினாள். ஐந்து வருடம் நமக்கும் ஜன்னலில் நின்றவர்களுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாளே, நீ ஒரு தரம் விளையாடு என்று நானோ நீயோ ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. நமக்குப் பின்னால் டம்ளரோடு நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சொறிமீன் எப்போது திரும்பும் என்று அவளுக்கு எண்ணாமலே தெரிகிறது. இரண்டாவது கடலில் ஐந்து சிப்பியையும் நான் கை கால் கழுவி வருவதற்குள் எடுத்துவிட்டாள். மேலே வரத்தான் முடியவில்லை. ஒரே ஆளாக இரண்டு வேலை செய்ய வரவில்லை என்கிறாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நகரு, பட்டனை நான் அமுக்குதேன்" என்றேன்.

அவள் கீபோர்டை என் பக்கத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டாள்.

"நீங்க வேண்டாம். நான் செத்தா ஒங்களுக்கு இன்னொரு கலியாணம். கயித்தை என் தம்பி வந்து பிடிக்கட்டும்."

எழுபத்து நாலு வயதுக்காரனைப் பார்த்துச் சொல்கிறாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மோதிரம் மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றேன். கேட்கவில்லை. நீ வரும் வரை அந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று டிவிக்கு மேலே துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறாள். தினமும் என்னிடம் தபால் வந்ததா என்று கேட்கிறாள்.

எந்தத் தேதி வருகிறாய் என்று எழுது.

இஞ்ஞாசி